நெகட்டிவ் வந்த வாரம்

சின்னமனூரில் ஒரு மருந்துக்கடைக் கவுண்டருக்குப் பின்னால் இருபது வருடமாக நிற்கிறேன். டெங்கு, காசநோய், கொரோனா என்று ஊரில் யார் கைக்கு எந்த ரிப்போர்ட் வந்தாலும் முதலில் என்னிடம்தான் நீட்டுவார்கள். "நெகட்டிவ்தான், பயப்படாமப் போங்க" என்று எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பேன் என்று எனக்கே தெரியாது. நெகட்டிவ் என்றால் நல்ல சேதி என்று ஊருக்கே பாடம் நடத்தியவள் நான். என் வீட்டுக்காரரும் அதை என்னிடம்தான் கற்றுக்கொண்டார்.

அவர் மேகமலைக்கு ஜீப் ஓட்டுகிறவர். பீடி, சிகரெட் எதுவும் கிடையாது. மூன்று மாதம் இருமினார். மலைக் குளிர்தான் என்று நானே கடையிலிருந்து சிரப் கொண்டுவந்து கொடுத்தேன். ஊருக்கெல்லாம் "டாக்டர்கிட்டக் காட்டுங்க" என்று புத்தி சொல்கிறவள், கட்டிய புருஷனுக்கு பாட்டில் பாட்டிலாகச் சிரப் ஊற்றியிருக்கிறேன். மதுரைக்குப் போய் ஸ்கேன் எடுத்தபோது நுரையீரலில் புற்று, எலும்புக்கும் பரவியிருந்தது. அந்த மூன்று மாதத்துக்காக என்னை நான் மன்னிக்கவே போவதில்லை.

மதுரை டாக்டர் நிதானமாகப் பேசினார். "சிகரெட் குடிக்காதவங்களுக்கு வர்ற இந்த வகையில, நெறைய பேருக்கு புத்து அணுவோட ஜீன்ல ஒரு மாற்றம் இருக்கும். அது இருந்தா அதுக்குன்னே மாத்திரை வந்திருக்கு. தெனம் சாப்பிட்டுக்கிட்டு வேலைக்குப் போறவங்களே இருக்காங்க. நான் படிச்ச காலத்துல இதெல்லாம் கெடையாது."

"அப்ப கீமோ ஊசி சுத்தியல் மாதிரி. இது நம்பர் பாத்துப் போடுற ஸ்பேனர்," என்றார் என் வீட்டுக்காரர். டாக்டருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

சதைத் துணுக்கை அந்த ஜீன் சோதனைக்கு அனுப்பினார்கள். இவர் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனதும் டாக்டர் என்னிடம், "பாசிட்டிவ்னு வரணும்னு வேண்டிக்கங்கம்மா," என்றார். அது என் காதில் மட்டும்தான் விழுந்தது.

ரிசல்ட் வர மூன்று வாரம் ஆனது. அந்த மூன்று வாரமும் போனில் படித்துத் தள்ளினேன். ஒரு மாத்திரைக்குப் புற்று பழகிவிட்டால் அடுத்த தலைமுறை மாத்திரை. உடம்பின் காவல் அணுக்களையே உசுப்பிவிடுகிற ஊசி. ஒருவரின் கட்டியைப் படித்து அவருக்கென்றே தடுப்பூசி செய்கிற ஆராய்ச்சி. படிக்கப் படிக்கக் கண்ணில் தண்ணீர் வந்தது. நமக்கும் இதில் ஒன்று இல்லாமலா போய்விடும் என்று நம்பினேன். இப்போது அந்தச் செய்திகளைப் பார்த்தாலே வயிறு எரிகிறது. எல்லாம் யாருக்கோ வந்துகொண்டே இருக்கிறது.

ரிசல்ட் அவருடைய போனுக்குத்தான் வந்தது. கடையில் இருந்த என்னை உடனே போனில் கூப்பிட்டார். "ஏய், இந்தா! வந்துருச்சு! நெகட்டிவ்! மேல இருந்து கீழ வரைக்கும் வரிசையா எல்லாமே நெகட்டிவ்!" அந்தக் குரலைக் கேட்டு எத்தனை மாதமாயிற்று. நான் மருந்துப் பெட்டி மேலேயே உட்கார்ந்துவிட்டேன். "சரிங்க, வந்து பாக்குறேன்," என்று மட்டும் சொன்னேன்.

டாக்டருக்குப் போன் செய்தேன். காவல் அணு ஊசிக்கான சோதனையும் சாதகமாக இல்லை, திங்கட்கிழமை கூட்டிவாருங்கள், கீமோ தொடங்கிவிடலாம் என்றார். அது எவ்வளவு தூரம் கைகொடுக்கும் என்று கேட்டேன். பழைய ஸ்கேனையும் மறக்காமல் எடுத்துவாருங்கள் என்றார்.

அன்றைக்கே அவரிடம் நான் சொல்லியிருக்க வேண்டும். அவர் நாலு நாள் வயிறாரச் சாப்பிட்டார், ஜீப்பைக் கழுவினார், ஸ்டாண்டில் எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார். நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று நாலு நாளும் தள்ளிப்போட்டேன். அதற்குள் கடமலைக்குண்டில் இருக்கும் அவருடைய அக்கா, என் மதினி, தம்பிக்காக நேர்ந்த கிடாயை ஞாயிற்றுக்கிழமையே வெட்டுவதாக உறவுக்கெல்லாம் சொல்லிவிட்டார்.

பந்தியில் இவர் இலையில் ஈரலை அள்ளி வைத்தார் மதினி. "தம்பி, நாளைக்கு மதுரைக்குப் போக வேணாம்டா. நல்லா இருக்குற ஒடம்புல ஊசியப் போட்டுக் கெடுத்துருவாக."

"நானும் அதான்க்கா நெனச்சேன். நெகட்டிவ்னு வந்தபெறகு ஊசி எதுக்கு?"

"போகணும்," என்றேன்.

"ஏத்தா, ஒனக்கு மட்டும் ஏன் மொகம் இப்படிக் கெடக்கு? மருந்து வித்து வித்து, பாக்குற ஆளெல்லாம் சீக்காளியாத் தெரியுறாகளாக்கும்!"

பந்தியே சிரித்தது. அவரும் சிரித்தார். எனக்கு எங்கிருந்துதான் அந்தக் கோபம் வந்ததோ.

"நெகட்டிவ்னா நோய் இல்லைன்னு அர்த்தமில்ல மதினி! அந்த மாத்திரை இவருக்குக் கேக்காதுன்னு அர்த்தம்! பாசிட்டிவ்னு வந்திருந்தாத்தான் பொழைக்க வழி!"

குழம்பு வாளியோடு நின்றவர் அப்படியே நின்றார். மதினி வாயைப் பொத்திக்கொண்டார். இவர் பிசைந்த சோற்றைப் பார்த்துக்கொண்டே கேட்டார், "எப்பத் தெரியும் ஒனக்கு?"

"நீங்க போன்ல சொல்லும்போதே."

இலையை மூடிவிட்டுக் கை கழுவப் போனார். வீட்டில் வைத்துத் தனியாகச் சொல்லியிருந்தால் அழுதிருப்பார், நானும் கூட அழுதிருப்பேன். அதற்குக்கூட இடம் வைக்காமல் செய்துவிட்டேன்.

மறுநாள் காலையில் மதுரைக்குப் போக அவரே சட்டையைப் போட்டுக்கொண்டார். நானும் பையை எடுத்தேன். ராத்திரியே எங்கள் வீட்டுக்கு வந்திருந்த மதினி வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார்.

"நீ கடைக்குப் போ. அக்கா வர்றா," என்றார் இவர் என்னிடம்.

"மதினிக்கு ஆஸ்பத்திரியில என்னங்க தெரியும்?"

கோபமாகச் சொல்லவில்லை. குரலைத் தணித்துத்தான் சொன்னார். "அவளுக்கு ஒண்ணும் தெரியாது. அப்படி ஒரு ஆளுதான் எனக்குப் பக்கத்துல இருக்கணும்."