குரலை எடுத்துவிட்டேன்

பொன்னமராவதியில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருக்கிறேன். பழைய கணினிகளைத் தூக்கிப்போட மனம் வராமல், நாலு பேர் சேர்ந்து தமிழுக்கென்று பழைய பெட்டியிலும் ஓடும் ஓர் இலவச லினக்ஸ் இயங்குதளத் தொகுப்பு நடத்துகிறோம். யார் வேண்டுமானாலும் பென்டிரைவில் நகலெடுத்துக்கொள்ளலாம்.

திரையில் இருப்பதை வாசித்துக் காட்டும் ஒரு தமிழ்க் குரலையும் அதில் சேர்த்திருந்தேன். என் கல்லூரிக் கூட்டாளிக்குப் பார்வை கிடையாது. போட்டித் தேர்வுப் பாடமெல்லாம் அதில் கேட்டுத்தான் படித்தான். வயது தாண்டப்போகிறது, அவனுக்கு அதுதான் கடைசித் தேர்வு.

குரல் ஒரு கம்பெனியுடையது. அவர்கள் தளத்தில் யாரும் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். ஆனால் இன்னொருவர் தன் தொகுப்பில் வைத்துக் கொடுக்க எழுத்தில் அனுமதி வேண்டும் என்று உரிமத்தில் போட்டிருந்தது. நம் ஆட்கள் யார் உரிமத்தைப் படிக்கிறார்கள்? சம்மதம் என்று அமுக்கிவிட்டுப் போவோம். நானும் அப்படித்தான். கடையில் ஈ காக்கை இல்லாத ஒரு மழை நாளில் உட்கார்ந்து முழுக்கப் படித்துத் தொலைத்தேன். அந்த அனுமதி எங்களிடம் இல்லை.

அனுமதி கேட்டு மின்னஞ்சல் போட்டேன். பதில் இல்லை. எனக்கு ரோஷம் வந்துவிட்டது. கூட இருந்தவர்களோடு சண்டை போட்டு, அடுத்த அப்டேட்டில் குரலை நீக்கினேன். காரணத்தை, உலகத்துக்கே புரியட்டும் என்று, இங்கிலீஷில் ஒரு பக்கம் எழுதி, கணினி திறந்ததும் வரும்படி வைத்தேன். பொதுவில் கிடைக்கும் வேறொரு குரல் தானாகப் பேசும் என்று நினைத்தேன். சரிபார்க்கவில்லை.

அப்டேட் தானாகக் கூட்டாளியின் கணினிக்கும் போயிருந்தது. நாலாம் நாள் அவன் மனைவி போன் செய்தார்.

"அண்ணே, பெட்டி பேசவே மாட்டேங்குது. சூடாயிருக்கும்னு தெனமும் அணைச்சு அணைச்சுப் போடுறாரு. இங்கிலீஷ்ல ஏதோ நெறய எழுதி வருது. பரீட்சைக்கு ஆறு நாள்தான் கெடக்கு, இங்கிட்டு இவரு சோறு தண்ணி இல்லாம உக்காந்திருக்காரு."

பைக்கில் பறந்தேன். அவன் ஹெட்போனைக் கழற்றாமலே உட்கார்ந்திருந்தான்.

"என்னமோ எழுதியிருக்கியாமே மாப்ள. படி, கேப்போம்."

படித்தேன். உரிமம், நேர்மை, மதிப்பு என்று நீண்டுகொண்டே போனது. வெட்கமாகி, பாதியில் நிறுத்தினேன்.

"முழுசாப் படி."

படித்து முடித்தேன்.

"நல்லாத்தான் எழுதியிருக்கே. யாரு படிக்கணும்னு எழுதுன?"

கம்பெனித் தளத்திலிருந்தே குரலை அவன் கணினியில் நேரடியாக இறக்கினேன். அதற்கு யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியிருக்கவில்லை. ஐந்து நிமிட வேலை. அவன் படிப்பதற்கு மிச்சமிருந்த பத்து நாளில் நாலை நான் தின்றிருந்தேன்.