எஞ்சின் பின்னால் இருக்கும் ரயில்

சென்ற மே மாதம் நானும் என் வீட்டுக்காரரும் நான்கு வயது செல்வியும் மலை ரயிலில் ஊட்டிக்குப் போனோம். ஊர் திரும்பி இரண்டு மாதமாகியும் எழுத உட்காரவில்லை. செஞ்சிப் பக்கத்திலிருந்து போக நினைக்கிறவர்களுக்கு உபயோகப்படும், எழுது என்று தோழி ஒருத்தி கடிதத்துக்குக் கடிதம் கேட்கிறாள். டிக்கெட் எடுக்கும் விவரத்தை ஒழுங்காகச் சொல்லிவிடுவேன். மற்றதை எப்படிச் சொல்வதென்றுதான் தெரியவில்லை.

மே மாதத்தில் செஞ்சியில் இருந்தவர்களுக்கு எங்கள் வெயிலைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. பகலெல்லாம் காய்ந்த பாறைகள் ராத்திரி முழுக்கச் சூட்டைத் திருப்பிக் கொடுக்கும். மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, வரத்து ஓய்ந்து கடைவீதியில் எங்கள் மண்டியும் காற்றாடும். கல்யாணமானதிலிருந்து பேச்சிலேயே இருந்த ஊட்டியை இந்த வருஷமாவது பார்த்துவிடுவது என்று பங்குனியிலேயே முடிவு செய்தோம்.

அந்தச் சமயத்தில்தான் செல்வி பாறையில் காது வைக்க ஆரம்பித்தாள். எங்கள் வீட்டுப் பின்புறம், செஞ்சிக் கோட்டையின் கிருஷ்ணகிரி மலையைப் பார்த்தாற்போல ஒரு குண்டுப் பாறை கிடக்கிறது. மத்தியான வேளையில் அதில் கன்னத்தை ஒட்டிக்கொண்டு, "ரயில் ஏறுது" என்பாள். செஞ்சியில் ரயில் கிடையாது. எங்களுக்கு ஸ்டேஷன் என்றால் பதினேழு மைல் தள்ளியிருக்கும் திண்டிவனம்தான். அவள் ரயிலைப் பார்த்ததே இல்லை. பெரியவர்கள் பேசுவதைக் கேட்டு விளையாடுகிறாள் என்று விட்டுவிட்டேன். ஒருநாள் யாரும் பார்க்காதபோது நானும் காதை வைத்துப் பார்த்தேன். காது சுட்டதுதான் மிச்சம்.

இனி டிக்கெட் விஷயம். மேட்டுப்பாளையம் போய் வாங்கிக்கொள்ளலாம் என்று இருந்துவிடாதீர்கள். சீசனில் அங்கே நிற்கிற கூட்டத்தில் மலை ரயிலுக்கு இடம் கிடைப்பது கஷ்டம். திண்டிவனத்திலேயே ஊட்டி வரைக்கும் ஒரே டிக்கெட்டாக, போகவும் வரவும் சேர்த்துக் கேளுங்கள். சென்ட்ரலிலிருந்து புறப்படும் ராத்திரி வண்டியில் படுக்கைக்கு அவர்களே தந்தி கொடுப்பார்கள். பதில் வர ஒரு வாரம் ஆகும், ஆகவே பஸ்ஸில் இரண்டு நடை. மூன்று வயது முடிந்த குழந்தைக்கு அரை டிக்கெட்.

இரண்டாவது நடைக்குச் செல்வியையும் கூட்டிக்கொண்டு போனோம். நாங்கள் டிக்கெட் ஜன்னலில் நிற்கும்போது விழுப்புரம் பக்கமிருந்து ஒரு பாசஞ்சர் வந்து நின்றது. முதல் முதலாக ரயிலைப் பார்க்கிற குழந்தை பயப்படும் என்று தூக்கிக்கொண்டேன். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"இது இல்ல. எஞ்சின் பின்னாடி இருக்கணும்."

டிக்கெட் கொடுப்பவர் எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார். "ஆமா பாப்பா, மலை ரயிலுக்கு எஞ்சின் பின்னாடிதான். கீழருந்து முட்டித் தள்ளிக்கினு போவும். ஏம்மா, கொயந்த முன்னாடியே போயிருக்குதா?"

இல்லை என்றேன். என் வீட்டுக்காரர் சிரித்தார். "எங்க வீட்ல பி.ஏ. படிச்சவங்க சார். எதனா புஸ்தகத்துல காட்டியிருப்பாங்க."

நான் காட்டவில்லை. எஞ்சின் பின்னால் இருக்கும் என்பது எனக்கே அப்போதுதான் தெரியும்.

திரும்புகிற பஸ்ஸில் அவளை மடியில் வைத்துக்கொண்டு, அந்த ரயில் எங்கே போகும் என்று மெதுவாகக் கேட்டேன்.

"மேல போவும். நடுவுல தண்ணி குடிக்க நிக்கும். அங்க நான் எறங்கிக்குவேன். நீயும் நைனாவும் போங்க."

பக்கத்து வீட்டுக்கு விளையாடப் போவதைச் சொல்வது போலத்தான் சொன்னாள். பயணமே வேண்டாம் என்று ஒரு தடவை வாயெடுத்தேன். "இதுக்குத்தான் காலேஜ்ல பட்டம் குடுத்தாங்களா?" என்றார் அவர். அந்த ஒரு வார்த்தைக்காகவே பெட்டி கட்டினேன்.

எழும்பூர், சென்ட்ரல், ராத்திரிப் பயணம் எல்லாம் சுகமாகவே நடந்தது. மேட்டுப்பாளையத்தில் விடியும்போது மலை ரயில் தயாராக நிற்கிறது. சின்னச் சின்னப் பெட்டிகள், ஒவ்வோர் அறைக்கும் இரண்டு பக்கமும் கதவு. வெளிப்பக்கத்துக் கதவைப் பூட்ட முடியுமா என்று பிரேக் பார்க்கும் ஆளிடம் கேட்டேன். அந்தக் கைப்பிடியை அழுத்தப் பெரியவர்களுக்கே பலம் வேண்டும், பயப்படாதீர்கள் என்றார். இருந்தாலும் செல்வியின் பாவாடை நாடாவோடு என் முந்தானையைச் சேர்த்து முடிந்துகொண்டேன்.

கல்லாறு தாண்டியதும் தண்டவாளத்தின் நடுவில் பல் வைத்த பட்டை தொடங்குகிறது. வண்டி ஆள் நடக்கிற வேகத்துக்கு வந்துவிடுகிறது. அருவிகள், பாலங்கள், குகைகள். குகைக்குள் பெட்டியில் எல்லாரும் கூச்சல் போட்டார்கள். செல்வி மட்டும் பேசாமல், இன்னும் எத்தனை என்று தெரிந்தவள் போலக் காத்திருந்தாள்.

ஹில்குரோவில் தண்ணீருக்காக நின்றது. பிளாட்பாரத்தில் டீ, வடை. எங்கள் அறையில் எல்லாரும் இறங்கிவிட்டார்கள். நாங்கள் மூவர்தான். மறுபக்கம் பிளாட்பாரம் இல்லை, பனி மூடிய சரிவுதான். செல்வி எழுந்து அந்தப் பக்கத்து ஜன்னலுக்குப் போனாள். நான் பின்னாலிருந்து இடுப்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டேன். கதவின் கைப்பிடி கீழே இறங்கியிருந்தது. அவள் கை ஜன்னல் கட்டையில்தான் இருந்தது.

அவள் பனியைப் பார்த்துச் சொன்னாள்: "அம்மா வுடமாட்டேங்குது. நீ போ."

நின்றிருந்த வண்டியில், கைப்பிடி மெல்ல மேலே எழும்பித் தன் இடத்துக்கு வந்தது.

என் வீட்டுக்காரர் எதிரே உட்கார்ந்திருந்தார். எழுந்து வந்தார். அந்தக் கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார். மற்றவர்கள் ஏறி வண்டி புறப்பட்ட பிறகும் உட்காரவில்லை. உட்காருங்கள் சார் என்று ஒருவர் இடம் விட்டார், பரவாயில்லை என்றார். குன்னூர் வரை அப்படியேதான் வந்தார். செல்வி பிஸ்கட் கேட்டாள், தின்றாள், என் தோளில் தூங்கிவிட்டாள்.

ஊட்டியில் மூன்று நாள் இருந்தோம். ஏரி, பூங்கா பற்றியெல்லாம் நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். கம்பளி கொண்டுபோங்கள், மே மாதத்திலும் வேண்டியிருக்கிறது. செல்வி கன்னம் சிவக்க ஓடி விளையாடினாள். கிளம்புவதற்கு முந்தின நாள் என் வீட்டுக்காரர் தனியாக வெளியே போய்விட்டு மேட்டுப்பாளையத்துக்கு பஸ் டிக்கெட்டோடு வந்தார். திரும்பும் ரயில் டிக்கெட் அவர் சட்டைப்பையில் அப்படியே இருந்தது.

"பஸ்ஸுன்னா சீக்கிரம் போயிடலாம்" என்றார். நான் கம்பளிகளைப் பெட்டியில் அடுக்கினேன்.

அந்த மாதிரிப் பாதையை நான் பார்த்ததில்லை, கட்டாயம் போய்ப் பாருங்கள். ஒரு மாதம் முன்னாலேயே திண்டிவனத்தில் சொல்லிவையுங்கள். கூஜாவில் தண்ணீரும் கையோடு கொஞ்சம் பலகாரமும் இருக்கட்டும். சின்னக் குழந்தை இருந்தால், வண்டி தண்ணீருக்கு நிற்கும்போது இரண்டு பேரும் ஒன்றாக டீ குடிக்க இறங்கிவிடாதீர்கள். குழந்தை ஜன்னலோரம் யாரோடாவது பேசினால் பேசி முடிக்கட்டும், அதட்ட வேண்டாம். பிடியை மட்டும் விடாதீர்கள்.