இருபதுக்குப் பத்தொன்பது

இன்று ஸ்டாஃப் ரூமுக்குப் போய் எட்டு மார்க்கைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

(ஜுரம் எல்லாம் இல்லை. முழு நினைவோடுதான்.)

புதிதாக வந்தவர்களுக்கு: ஊர் நகரி. நைனாவுக்கு பவர்லூமில் வேலை. நான் திருப்பதியில் எம்.ஏ. ஆங்கிலம், தினமும் பஸ்ஸில் போய் வருகிறேன். சின்ன வயதில் ஒரு விபத்து, அதிலிருந்து ஊன்றுகோல்.

இந்த செமஸ்டரில் ஒரு பழைய ஐரோப்பிய நாவல் பாடம். நோயாளிப் பெண் ஒருத்தியின் மேல் இரக்கப்பட்டு, உண்மையைச் சொல்ல மனம் வராமல், பொய் நம்பிக்கை கொடுத்துக்கொண்டே போகிறான் ஒருவன். கடைசியில் அந்த இரக்கமே எல்லாரையும் கெடுக்கிறது. (இந்தக் கடைசி விஷயம் எனக்கே இன்றுதான் தெரியும்.)

வகுப்பில் இரக்கம் என்ற பேச்சு வந்தாலே எல்லாத் தலைகளும் என் ஊன்றுகோல் பக்கம் திரும்பும். உடனே ஜன்னல் பக்கம் போய்விடும்.

அப்போதிருந்துதான் எனக்குச் சந்தேகம் பிடித்தது.

கேன்டீன் வரிசையில் ஏன் என்னை முன்னால் விடுகிறார்கள்? என் சுமாரான ஜோக்குக்கு ஏன் இவ்வளவு சிரிக்கிறார்கள்?

நேற்று இன்டர்னல் பேப்பர் திருத்திக் கொடுத்தார்கள். அந்த நாவலைப் பற்றி வீட்டில் எழுதிக் கொடுத்த கட்டுரை. எனக்கு இருபதுக்குப் பத்தொன்பது. வகுப்பிலேயே முதல்.

ஒரே ஒரு சிக்கல். அந்த நாவலின் கடைசி நூறு பக்கத்தை நான் படிக்கவே இல்லை. கல்யாணம் நடந்து சுபமாக முடிந்திருக்கும் என்று குத்துமதிப்பாக எழுதியிருந்தேன்.

நாவலை இரண்டு தடவை படித்த என் தோழி ஹேமாவுக்குப் பதினாறு, இரண்டாம் இடம்.

முதல் மார்க் வாங்குபவர்தான் சித்தூரில் நடக்கும் கருத்தரங்கில் கட்டுரை வாசிக்க வேண்டும். மேடம் என் பெயரைச் சொன்னதும் எல்லாரும் கை தட்டினார்கள். ஹேமாவும் தட்டினாள், நோட்டைப் பார்த்துக்கொண்டே.

அவள் புத்தூர்க்காரி. இருவருக்கும் ஒரே பஸ். பாதி வழி தாண்டியதும் நான்தான் ஆரம்பித்தேன்.

"இன்னாடி, கோவமா?"

"கோவம் இன்னாத்துக்கு? நல்லா எழுதியிருப்ப, குடுத்தாங்க."

"என் பேப்பர பாக்கிறியா?"

"வாணாம்."

வீட்டுக்கு வந்து பேப்பரைத் துப்பறிய ஆரம்பித்தேன். முதல் பக்கத்தில் ஒரு டிக். வேறெங்கும் பேனா படவில்லை. கடைசி இரண்டு பக்கங்களும் நான் டீ சிந்தி ஒட்டிக்கொண்டவை. அவை அப்படியே ஒட்டியிருந்தன. பிரித்துக்கூடப் பார்க்கவில்லை.

நைனாவிடம் சொன்னேன்.

"குடுத்தா வாங்கிக்கினு கம்முனு இரேன். மார்க்கு ஜாஸ்தியா போட்டுட்டீங்கன்னு யாராச்சும் போய் சொல்லுவாங்களா?"

நியாயமான கேள்விதான். ஆனால் தூக்கம் வரவில்லை.

இன்று மதியம் போனேன். மேடம் டிபன் பாக்ஸைத் திறந்துகொண்டிருந்தார்.

"மேடம், இந்த ரெண்டு பக்கம் ஒட்டிக்கினு இருக்குது. நீங்க படிக்கலியா?"

பேப்பரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு ஊன்றுகோலை.

"டெய்லி ரெண்டு மாடி ஏறி வர்றியேமா. பார்த்தா மனசு ஒருமாதிரி ஆவுது. உனக்கு ஒரு சான்ஸ் கிடைக்கட்டும்னுதான்."

"ஹேமாவும் அதே ரெண்டு மாடிதான் மேடம் ஏறுறா."

அவர் முகம் சுருங்கியது. "பர்வாலேதும்மா, விடு," என்றார். (பரவாயில்லையாம்.)

இன்னும் இரண்டு செமஸ்டர் இவரிடம்தான் படிக்க வேண்டும். ஆனாலும் கேட்டுவிட்டேன்.

"படிச்சிட்டுப் போடுங்க மேடம். நான் இங்கியே ஒக்காந்துக்கினு இருக்கேன்."

டிபன் பாக்ஸை மூடினார். ஸ்கேலை விட்டு அந்தப் பக்கங்களைப் பிரித்தார். இருபது நிமிடம் படித்தார். சிவப்புக் கோடுகள் ஏறிக்கொண்டே போயின.

"கடைசி வரைக்கும் படிக்கலையா நீ?"

"இல்ல மேடம்."

பதினொன்று போட்டார். கருத்தரங்குத் தாளில் என் பெயரை அடித்து, ஹேமாவின் பெயரை எழுதினார். நான் கிளம்பும்போது நிமிர்ந்து பார்க்கவில்லை. கொஞ்சம் வலித்தது. ஆனால் படி இறங்கும்போது பசித்தது. நேற்றிலிருந்து சரியாகச் சாப்பிடவில்லை.

பஸ் ஸ்டாண்டில் ஹேமாவிடம் சொன்னால், முகத்தில் சந்தோஷமே இல்லை.

"ஏண்டி, எம்மேல பாவம் பாத்து உட்டுக் குடுக்கிறியா?"

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது.

"அய்யோ, இல்லடி."

"பின்ன மேடம் எதுக்குத் திடீர்னு மாத்தறாங்க? நீ போய் அழுதியா?"

என்ன சொல்லியும் நம்பவில்லை. கடைசியில் பேப்பரை அவள் கையில் திணித்தேன். நின்றுகொண்டே படித்தாள். கடைசிப் பக்கத்துக்கு வந்ததும் என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"கல்யாணமா? யாருக்குடி கல்யாணம்? பதினொன்னே ஜாஸ்திடி இதுக்கு. நானாயிருந்தா ஒம்போதுதான் போட்டிருப்பேன்."

சரிதான், நம்பிவிட்டாள்.

உங்களுக்குப் பாவம் பார்த்துக் கிடைத்த எதையாவது திருப்பிக் கொடுத்திருக்கிறீர்களா? கொடுத்தபோது யாராவது நம்பினார்களா?