ஒருத்தியை இரண்டு தரம் கட்டிய கதை

நான் இரண்டு தரம் கலியாணம் செய்தவன். இரண்டு தரமும் ஒரே பெண்ணைத்தான். இதைச் சொன்னால் ஊரில் பாதிப் பேர் நான் தண்ணி போட்டுவிட்டுக் கதைக்கிறேன் என்று நினைக்கிறார்கள். மீதிப் பேர், "ஒருக்கால் கட்டியும் உனக்குப் புத்தி வரேல்லையோ?" என்று கேட்கிறார்கள். வந்தது ஐயா. புத்தி வந்தபடியால்தான் இரண்டாம் தரமும் கட்டினேன்.

நெல்லியடிச் சந்தையிலிருந்து கொஞ்சம் தள்ளி எனக்கு ஒரு கடை இருக்கிறது. தண்ணீர் இறைக்கிற மோட்டர் திருத்துவது தொழில். வெங்காயத்துக்குத் தண்ணீர் கட்டுகிற காலத்தில் தோட்டக்காரர் வந்து என் தலையில் ஏறி நிற்பார்கள். நானும் அவர்களோடு கத்துவேன். கோபம் வந்தால் எனக்குத் தலை கால் தெரியாது. பெண் கேட்டுப் போன வீடுகளிலும் இந்த வாயைத்தான் கொண்டு போனேன். அதனால் நாற்பது வயது தாண்டியும் கட்டாத பெடியனாகவே இருந்தேன்.

அவள் கனடாவிலிருந்து தகப்பனின் திவசத்துக்காக உடுப்பிட்டிக்கு வந்திருந்தாள். திவசத்துக்கு முதல் நாள் வீட்டில் தண்ணீர் வரவில்லை. போய்ப் பார்த்தால் மோட்டரில் ஒரு பிழையும் இல்லை. கிணற்றுக்குள் விட்ட குழாயின் வாயில் ஒரு தவளை மாட்டுப்பட்டு இருந்தது. எடுத்து வெளியே விட்டேன். அவள் குனிந்து தவளையைப் பார்த்து, "உவர்தானோ எங்களுக்குத் தண்ணி தராமல் விட்டவர்?" என்று கேட்டாள். கேட்டுவிட்டுச் சிரித்தாள், கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள். நானும் சிரித்தேன். அன்றைக்கு எனக்கு இன்னும் மூன்று வீட்டில் வேலை இருந்தது. ஒன்றுக்கும் போகவில்லை.

அடுத்த கிழமையே அவள் எனக்கு நேரே சொன்னாள்: "நான் ஒருக்கால் கட்டிப் பிரிஞ்சனான். விவாகரத்து வழக்கு அங்கை நடக்குது. இப்பவே சொல்லிப்போட்டன். பேந்து ஆரும் வந்து உங்களுக்குச் சொல்லக் கூடாது."

"அதுக்கென்ன?" என்றேன். எனக்கு அது உண்மையிலேயே ஒரு பொருட்டாகத் தெரியவில்லை. அக்காவுக்குத் தெரிந்தது.

அக்கா பக்கத்து வளவில் இருக்கிறவள். அப்பாவும் அம்மாவும் போன பிறகு வீட்டில் நல்லது கெட்டது எல்லாம் அவள் வாயால்தான் நடக்கும். "ஊரிலை பெட்டையளே இல்லாத மாதிரி, கட்டி விட்ட ஒருத்தியைத் தேடிப் பிடிச்சிருக்கிறாய்" என்று ஒரு வருடம் முகத்தைத் திருப்பிக்கொண்டு திரிந்தாள். கடைசியில் இறங்கி வந்தாள். ஆனால் ஒரு நிபந்தனை: நாள் அவள்தான் குறிப்பாள். சரி, குறியுங்கோ என்றேன். வினை அங்கேதான் பிடித்தது.

கனடாவில் விவாகரத்துத் தீர்ப்பு வந்தது ஆனி மாதத்தில். அவள் உடனே லீவு எடுத்துக்கொண்டு தீர்ப்புக் கடதாசியோடு பறந்து வந்தாள். அக்கா சாத்திரியாரிடம் போனாள். "ஆனி முடிய இன்னும் ஒரு முகூர்த்தம்தான் கிடக்கு. ஆடி பிறந்தால் ஆவணி வரைக்கும் நாள் இல்லை. அதுக்குள்ளை அந்தப் பிள்ளையின்ரை லீவும் முடிஞ்சிடும்" என்றாள். 'அந்தப் பிள்ளை' என்றுதான் சொல்வாள். வேறு முறை வைத்துச் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

நல்ல நாள், நல்ல நேரம். காலையில் பதிவாளரிடம் எழுத்து, அதாவது சட்டப்படி பதிவு. பிறகு பிள்ளையார் கோயிலில் தாலி. இரண்டாம் கலியாணம் என்றால் எங்கள் பக்கத்தில் சத்தமில்லாமல்தான் செய்வார்கள். மேளம் இல்லை, பந்தல் இல்லை. வந்த பத்துப் பேரும் பஸ்ஸுக்கு நிற்கிற ஆட்கள் மாதிரி நின்றார்கள். பதிவாளர் தீர்ப்பின் முத்திரையைப் பார்த்தார், தலையாட்டினார். அவள் குனிந்த தலை நிமிரவே இல்லை. படங்களில் அவளுடைய உச்சி வகிடுதான் தெரியும். தவளையைப் பார்த்துச் சிரித்த பெண் இவள்தானா என்று எனக்கே சந்தேகம் வந்தது.

அவள் திரும்பிப் போய் என்னைக் கூப்பிட விண்ணப்பம் போட்டாள். எங்கள் ஊரில் காலம் காலமாக வெளிநாட்டு மாப்பிள்ளைதான் கூப்பிடுவான், பெண்தான் காத்திருப்பாள். இங்கே நான் காத்திருந்தேன். விடுவார்களா? "மாப்பிள்ளை, கெதியா இந்த மோட்டரைத் திருத்தித் தாரும். உம்மை மனுசி கூப்பிட்டால் நாங்கள் ஆரிட்டைப் போறது?" என்று தோட்டக்காரர் ஒவ்வொருவரும் நக்கலடிப்பார்கள். நான் கத்துவேன். அவர்கள் இன்னும் சிரிப்பார்கள்.

ஒரு வருடத்துக்கு மேல் இழுத்து, ஒரு நாள் காலை அவள் ஃபோன் எடுத்தாள். "மறுத்துப்போட்டாங்கள்" என்றாள். "எங்கடை கலியாணம் கலியாணம் இல்லையாம்."

அந்த நாட்டில் தீர்ப்புச் சொன்ன அன்றைக்கே கட்டு அறுந்துவிடாதாம். யாராவது மேல்முறையீடு செய்யக்கூடும் என்று ஒரு மாதம் ஆற விடுவார்களாம். அந்த மாதம் கழிந்த பிறகுதான் விவாகரத்து பலிக்கும், அதற்கு வேறாக ஒரு சான்றிதழும் தருவார்கள். நாங்களோ ஆடிக்குப் பயந்து, அந்த மாதம் முடியுமுன்னே தாலி கட்டிவிட்டோம்.

"லோயர் சொன்னவதான், ஒரு மாசம் கழிச்சு சேர்டிபிக்கட் எடுக்கலாமெண்டு. அது சும்மா பேப்பருக்கு எண்டு நினைச்சிட்டன்" என்றாள். "நீங்கள் தாலி கட்டேக்கை நான் இன்னும் அந்தாளின்ரை மனுசியாம்."

"அப்ப நான் ஆர்?"

"நீங்கள் கட்டாத பெடியன்."

இரண்டு பேரும் சிரித்தோம். பிறகு அவள் சிரிப்பதை நிறுத்திவிட்டாள். "இஞ்சருங்கோ, நீங்கள் இப்ப விடுதலை. என்னாலை இவ்வளவு இழுபட்டது போதும். விலக விருப்பமெண்டால் விலகுங்கோ. நான் ஒண்டும் நினைக்க மாட்டன்" என்றாள்.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "விசர்க் கதை கதையாதையும்!" என்று கத்திவிட்டு ஃபோனை வைத்துவிட்டேன். அந்த நேரத்தில் ஒரு பெண்ணுக்குச் சொல்ல வேண்டிய சொல் அதுவா? எனக்கு வந்தது அதுதான்.

அக்காவுக்கு அன்றைக்கே விஷயம் போய்விட்டது. தேத்தண்ணியோடு வந்து இருந்தாள். "தம்பி, கடவுளாப் பாத்து விட்ட வழியடா. கரவெட்டியிலை ஒரு ரீச்சர் இருக்கிறாவாம், தங்கமான பிள்ளை." நான் போட்ட சத்தத்தில் றோட்டில் போன ஆள் சைக்கிளை நிறுத்திவிட்டார். அக்கா தேத்தண்ணியையும் குடிக்காமல் எழும்பிப் போனாள்.

நான் நேரே பருத்தித்துறைக்குப் போய் ஒரு சட்டத்தரணியைப் பிடித்தேன். அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "முதல் பதிவு செல்லாதெண்டு கோட்டிலை ஒரு கட்டளை எடுக்கோணும் தம்பி. அதுக்குப் பிறகு திரும்பப் பதியலாம்."

"அப்ப அவவைக் கட்டுறதுக்கு, நான் அவவைக் கட்டேல்லையெண்டு கோட்டிலை நிண்டு சொல்லோணுமோ?"

"ஓம். அதேதான்."

வழி பிறந்துவிட்ட சந்தோசம் எனக்கு. கடைக்கு வந்ததும் வராததுமாக அவளுக்கு எடுத்தேன். "நான் வழக்குப் போடப் போறன்! எங்கடை கலியாணம் செல்லாதெண்டு!" என்றேன். அவள் "சரி. நல்லது" என்று வைத்துவிட்டாள். எவ்வளவு கெதியாக ஒப்புக்கொண்டாள் என்று நானும் மெச்சிக்கொண்டு ஒரு மோட்டருக்குக் கம்பி சுற்றத் தொடங்கினேன். மூளை அவ்வளவுதான்.

அடுத்த நாள் எடுத்தேன், அவள் எடுக்கவில்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. கம்பி சுற்றின மோட்டர் இரண்டு, மாறிச் சுற்றினதில் புகைந்தன. சோறு இறங்கவில்லை. அவள் போய்விட்டாள் என்று நெஞ்சுக்குள் ஒரு பயம் பிடித்தது. அப்படி ஒரு பயத்தை நான் சண்டைக் காலத்திலும் அறியவில்லை.

கோபத்தில் இருந்த அக்காதான் கடை வாசலில் வந்து நின்றாள். "என்னடா கோலம் இது? என்ன நடந்தது?"

சொன்னேன்.

"என்னெண்டு சொன்னனீ? அப்பிடியே திருப்பிச் சொல்லு பாப்பம்."

"நான் வழக்குப் போடப் போறன், எங்கடை கலியாணம் செல்லாதெண்டு..."

அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். "அட விசரா! மிச்சத்தைச் சொன்னனியே? திருப்பிக் கட்டத்தான் வழக்கெண்டு சொன்னனியே?"

சொல்லவில்லை. கடவுளே, அதைச் சொல்லவே இல்லை. "நீங்கள் விடுதலை" என்று சொன்ன பெண்ணுக்கு, சரி, நான் போகிறேன், வழக்கும் போடுகிறேன் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.

அக்கா தன்னுடைய ஃபோனை எடுத்தாள். அதுவரை அக்கா அவளோடு நேரே ஒரு சொல்கூடக் கதைத்ததில்லை. அந்தப் பக்கம் எடுத்ததும், "பிள்ளை, நான் மச்சாள் கதைக்கிறன்" என்றாள். எனக்குக் காது கேட்கிறதா என்று இருந்தது. "ஃபோனை வையாதையும், கேளும். இவனுக்கு மோட்டரோடை மட்டும்தான் கதைக்கத் தெரியும். வழக்கு உம்மைத் திருப்பிக் கட்டுறதுக்கு. அதைச் சொல்ல மறந்துபோனான். இரண்டு நாளாச் சாப்பிடேல்லை, கடையிலை புகை மணக்குது. நான் பாத்த நாளாலைதான் உமக்கு இவ்வளவும் வந்தது. நான் கேக்கிறன், வாரும்."

அந்தப் பக்கம் அழுகிற சத்தம் எனக்கும் கேட்டது. இந்தப் பக்கம் அக்காவும் அழுதாள். நான் மட்டும் என்ன மரக்கட்டையா? ஒழுகின மூக்கை எண்ணெய்த் துணியில் துடைத்து முகமெல்லாம் கரியாகிவிட்டது.

வழக்கில் நான் வழக்காளி, அவள் எதிராளி. காலை தோறும் எதிராளிக்கு ஃபோன் எடுத்து, சாப்பிட்டீரோ, குளிர் எப்படி என்று கேட்பேன். விசாரணை நாளில் நீதிபதி, "எதிராளியோடு உங்களுக்கு என்ன பிரச்சினை?" என்று கேட்டார். "ஒரு பிரச்சினையும் இல்லை ஐயா. அவவைத்தான் கட்டப் போறன்" என்றேன். சட்டத்தரணி என் சேர்ட்டைப் பிடித்து இழுத்தார். பின்வரிசையில் இருந்த ஆட்கள் சிரித்தார்கள். நீதிபதியும் கடதாசியைத் தூக்கி முகத்துக்கு முன்னால் பிடித்துக்கொண்டார். கட்டளை கிடைத்தது. சட்டப்படி நான் திரும்பவும் கட்டாத பெடியன்.

அவளுக்கு லீவு கிடைத்தது ஆடியில். அதை அக்காவுக்கு எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. மெல்லச் சொன்னேன்.

"ஆடிப்பிறப்பண்டே எழுத்தை வை. நான் கூழ் காய்ச்சிறன்."

"அக்கா, ஆடியெல்லே..."

"வாயை மூடு. நல்ல நாளிலை கட்டினதை என்ன செய்தவங்கள்?"

இந்த முறை விவாகரத்துச் சான்றிதழைச் சட்டத்தரணி வரிக்கு வரி வாசித்தார். பதிவாளரிடம் கையெழுத்து வைத்துவிட்டு வீட்டுக்கு வந்தால் பெரிய பானையில் ஆடிக்கூழ் கொதிக்கிறது. பனங்கட்டி மணம் தெரு ஒழுங்கை வரைக்கும் வந்தது. அழைக்காமலே அயல் முழுக்க வந்திருந்தது. போன முறை நேரத்தைப் பார்த்துக்கொண்டு நின்ற அதே ஆட்கள் இப்போது பலாவிலையைத் தொன்னை மாதிரிக் கோலி இரண்டாம் தரம் கூழ் கேட்டார்கள். அவளுடைய இலை கிழிந்து கூழ் முழுக்க என்னுடைய புது வேட்டியில் கொட்டியது. நான் துள்ளினேன். அவள் சிரித்தாள், தவளைக்குச் சிரித்த அதே சிரிப்பு. யாரோ அதைப் படம் எடுத்தார்கள். எங்கள் கலியாணப் படம் என்றால் அதுதான்.

திரும்ப விண்ணப்பம். இந்த முறை என்னை நேர்முகத்துக்குக் கூப்பிட்டார்கள். மேசைக்கு அந்தப் பக்கம் வெள்ளைக்கார அதிகாரி, பக்கத்தில் தமிழில் மொழிபெயர்க்கிற ஒரு பெண். அதிகாரி விஷயம் தெரிந்த ஆள். "உங்கள் ஆட்கள் ஆடி மாதத்தில் கலியாணம் செய்வதில்லையே? எதற்காக ஆடியில், அதுவும் மேளதாளம் இல்லாமல்? விசாவுக்காகச் செய்த அவசரக் கலியாணமா?" என்று கேட்டார்.

எனக்குக் கோபம் ஏறியது. இந்தத் தரம் அது சரியான இடத்தில் ஏறியது.

"நல்ல நாள் பாத்துத்தான் முதல் கட்டினனான். நீங்கள்தான் செல்லாதெண்டு சொன்னியள். என்னைக் கட்டாத பெடியனாக்கி விட்டியள். ஓடுறதெண்டால் அண்டைக்கே ஓடியிருக்கலாம். அவவும் போகச் சொன்னவ, அக்கா வேறை பெண்ணும் பாத்தவ. நான் போகேல்லை. கோட்டுக்குப் போய் நிண்டு, அவவையே திருப்பிக் கட்டினனான். ஒருக்கால் கட்டினவனை நீங்கள் சந்தேகப்படலாம் ஐயா. ரண்டு தரம் கட்டினவனிட்டை வேறை என்ன அத்தாட்சி கேக்கிறியள்?"

மொழிபெயர்க்கிற பெண் கொஞ்சம் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் தொடங்கினாள். அதிகாரி கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு கூழ் கொட்டின படத்தை எடுத்து, அதில் என் மனுசி கையில் இருக்கிற இலை என்ன என்று கேட்டார். பலாவிலை என்றேன்.

போன கிழமை விசா வந்தது. அக்கா ஊரெல்லாம் சொல்லிவிட்டு வந்து, நான் கொண்டுபோகப் பனங்கட்டி கட்டத் தொடங்கிவிட்டாள். அன்றைக்கு நான் அவளுக்கு ஃபோன் எடுத்து, அந்த நேர்முக அறையில் நான் சொன்னதை ஒரு சொல் விடாமல் பெருமையாகச் சொன்னேன்.  

 அவளுடைய குரல் உடைந்திருந்தது. "நீங்கள் விடுதலையெண்டு நான் சொன்ன அண்டைக்கு, இதை எனக்கல்லோ சொல்லியிருக்கோணும்? ஏன் விசாக்காரனுக்குச் சொன்னீங்கள்?"

 இந்த மாதக் கடைசியில் விமானம். இறங்கினவுடனே முதல் வேலையாக அதை அவளுக்கு நேரே சொல்வதாக இருக்கிறேன், மிச்சத்தையும் விடாமல்.