நடுவில் ஒரு அரை மணி நேரம்

என் மனைவி என்னைச் சாப்பிடக் கூப்பிடுவது மிஸ்டு காலில்தான். புத்தூரில் எனக்கு கேஸ் அடுப்பு, குக்கர் பழுது பார்க்கிற சின்னக் கடை. வீடு ஸ்ரீரங்கத்தில். மத்தியானம் குழம்பை இறக்கி வைத்ததும் என் போன் அடிக்கும். ரெண்டு தடவை மணி அடித்து நின்றுவிடும். கொஞ்சம் விட்டு இன்னொரு மணி. சாப்பாடு ரெடி, கிளம்பி வாங்க என்று அர்த்தம். பேசப் பேசக் காசு பிடித்த காலத்தில் ஆரம்பித்த பழக்கம் இது. இப்போது எவ்வளவு பேசினாலும் ஒரே காசுதான். ஆனாலும் அவள் மாற்றிக்கொள்ளவில்லை. “சோறு ஆயிடுச்சுன்னு சொல்ல எதுக்குங்க ஒரு பேச்சு?” என்பாள்.

அவள்தான் போன வருஷம் தனியாகக் கோலாலம்பூருக்குக் கிளம்பினாள். மகளுக்கு அங்கே பிரசவம். விமானம் ஏறுவது அவளுக்கு அதுதான் முதல் தடவை. உடம்பில் சர்க்கரை வேறு. நேரத்துக்குச் சாப்பிடவில்லை என்றால் கை நடுங்கும், கண்ணைக் கட்டும்.

போனுக்கு என்ன செய்வது என்று கேட்கச் சத்திரம் பஸ் ஸ்டாண்டு பக்கம் ரீசார்ஜ் கடைக்குப் போனேன். கடைக்காரர் என் வயதுக்காரர், பேச்சில் கெட்டிக்காரர். அவர் பேச்சைக் கேட்பதற்காகவே நான் அங்கே ரீசார்ஜ் பண்ணுவது.

“ரோமிங்குங்கறது ஹோட்டல்ல தண்ணி பாட்டில் வெக்கிற மாதிரிங்க. நீங்க கேக்கவே மாட்டீங்க, டேபிள்ல வெச்சிட்டுப் போவான். பில்லுல வந்து நிக்கும்.”

“அப்ப என்னதாங்க பண்றது?”

“மாப்பிள்ளைதான் கூப்பிட வராருல்ல? வெளிய வந்ததும் அந்த ஊரு சிம் ஒண்ணு வாங்கிப் போட்டாப் போதும். காய்கறி விலைக்குக் கிடைக்கும். இறங்கி வெளிய வர அரை மணி நேரம். அதுக்குப் போய் ஒரு ரோமிங் பேக்கா?”

எனக்கு அது ரொம்ப நியாயமாகப் பட்டது. அரை மணி நேரம் போன் இல்லாமல் யாரும் செத்துப் போய்விடுவார்களா என்ன?

அன்றைக்குச் சாயங்காலமே மாப்பிள்ளை வாட்ஸ்அப்பில் வந்தார். பொறுப்பான பிள்ளை. “அத்தை, ஏர்போர்ட்ல நிறைய வாசல் இருக்கு. நீங்க பெட்டிய எடுத்துட்டு அங்கேயே உக்காருங்க. நான் போன் பண்ணி எந்த வாசல்னு சொல்றேன். அதுவரைக்கும் வெளிய வந்துடாதீங்க.” நானும் கூடச் சேர்ந்து கொண்டேன். “கேட்டியா? போன் வராம ஒரு அடி நகரக் கூடாது.” அவள் தலையை ஆட்டினாள்.

சிம் வாசலுக்கு வெளியே இருக்கிறது, போன் வராமல் அவள் வாசலைத் தாண்டக் கூடாது. இது எங்கள் மூன்று பேருக்கும் உறைக்கவே இல்லை.

காலை விமானத்துக்கு ஏற்றிவிட்டு நேராகக் கடைக்கு வந்தேன். ஒரு பர்னரைக் கழற்றிப் போட்டுக்கொண்டு, கண்ணைப் போனிலேயே வைத்திருந்தேன். இறங்குகிற நேரம் தாண்டியது. மாப்பிள்ளையிடமிருந்து அழைப்பு.

“மாமா, அத்தை உங்ககிட்ட பேசினாங்களா?”

“இல்லையே மாப்பிள்ளை. நீங்கதான பேசணும்?”

“ஸ்விட்ச் ஆஃப்னு வருது மாமா. அந்த ஃப்ளைட்டுல வந்தவங்க எல்லாரும் போயிட்டாங்க. நான் வாசல் வாசலா பாத்துட்டேன்.”

போன் ஆனில்தான் இருந்திருக்கிறது. சிக்னல்தான் இல்லை. அதை யாரிடம் போய்ச் சொல்வது? “விசாரிச்சுட்டுத்தான் இருக்கேன் மாமா, வரிசையில நிக்கறேன், உங்க பொண்ணுகிட்ட இப்ப ஒண்ணும் சொல்லாதீங்க” என்று வைத்துவிட்டார்.

பர்னரைப் போட்டது போட்டபடி விட்டு எழுந்தேன். பக்கத்து டீக்கடையில் போய் நின்றேன். டீக்கடைக்காரர் என் முகத்தைப் பார்த்ததும் கேட்காமலே ஒரு டீயைப் போட்டு நீட்டினார். விஷயத்தைச் சொன்னேன். “அண்ணே, ஏர்போர்ட்டுக்குள்ளதான இருக்காங்க. அதுக்குள்ள யாரும் காணாமப் போக முடியாது, சுத்திச் சுத்தி அங்கேயேதான் இருக்கணும்” என்றார். அப்போதைக்கு அந்தப் பேச்சுதான் எனக்கு இருந்த ஒரே ஆதரவு.

அந்த நேரம் பார்த்து போன் அடித்தது. மாப்பிள்ளை என்று பாய்ந்து பார்த்தால், ஏதோ ஒரு எண். ப்ளஸ் போட்டு அறுபதில் ஆரம்பிக்கிறது. எடுப்பதற்குள் நின்றுவிட்டது. மறுபடி அடித்தது, மறுபடி நின்றது. பாய்லர் சத்தத்திலும் பஸ் சத்தத்திலும் எத்தனை மணி என்று யார் கேட்டார்கள்?

டீக்கடைக்காரர் எட்டிப் பார்த்தார். “தொடாதீங்க அண்ணே! இது தூண்டிலு. ஒரு ரிங்கு விட்டுக் கட் பண்ணுவான். நீங்க திருப்பிக் கூப்பிட்டா பேலன்ஸ் மொத்தமும் காலி.”

எனக்கும் தெரியும். வீட்டு வாட்ஸ்அப் குரூப்பில் அந்த எச்சரிக்கையை எல்லாருக்கும் அனுப்பிவைத்ததே நான்தான். மாப்பிள்ளையின் எண் எதில் ஆரம்பிக்கிறது என்று நான் பார்த்ததே கிடையாது. ‘மாப்பிள்ளை’ என்று பேர் போட்டிருக்கிறேன், அதற்குப் பின்னால் இருக்கிற எண்ணை யார் பார்க்கிறார்கள்?

அந்த எண் விடவில்லை. திரும்பத் திரும்ப அடித்து நின்றது. “மாப்பிள்ளை கூப்பிடற நேரத்துல லைனை அடைக்கறான் பாருங்க, பாவி” என்று டீக்கடைக்காரரே போனை வாங்கி பிளாக் பண்ணிக் கொடுத்தார். நான் நன்றி வேறு சொன்னேன்.

அப்புறம் போனில் சத்தமே இல்லை.

கடையில் வந்து உட்கார்ந்தேன். ஒரு அம்மா குக்கர் கைப்பிடி போட வந்தார்கள். திருகாணியை எந்தப் பக்கம் திருப்புவது என்றே மறந்து போனது. சாப்பாட்டு நேரம் ஆனது. பழக்க தோஷம், கை தானாகப் போனை எடுத்தது. இன்றைக்கு யார் மணி அடிக்கப் போகிறார்கள் என்று நினைத்தேன். ரெண்டு மணி, கொஞ்சம் விட்டு இன்னொரு மணி.

அந்தத் தூண்டில் எண் அப்படித்தான் அடித்தது. முதலில் கொஞ்சம் நீளமாக, அப்புறம் குட்டையாக. ஒவ்வொரு தடவையும் அப்படியேதான்.

டீக்கடைக்கு ஓடினேன். “அந்த நம்பரை எடுங்க, அது என் பொண்டாட்டி!” கடையில் நின்றவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். பிளாக்கிலிருந்து அதை எடுத்துக் கொடுத்தார். கூப்பிட்டேன். என் எண்ணில் வெளிநாட்டுக்குப் பேசுகிற வசதி இல்லை என்று ஒரு பெண் குரல் பொறுமையாகச் சொன்னது. நான் மறுபடி கூப்பிட்டேன். அது மறுபடி சொன்னது.

கடைசியில் எண்ணை மாப்பிள்ளைக்கு அனுப்பினேன். அவர் கூப்பிட்டதும் எடுத்தது அங்கே துப்புரவு வேலை பார்க்கும் ஒரு தமிழ்ப் பெண். “பெட்டி சுத்தி வர்ற இடத்துல ஒரு அக்கா உக்காந்திருக்காங்க. போன் வந்தாத்தான் எழுந்திரிப்பேங்கறாங்க. ஏதாவது சாப்பிடுங்கன்னாலும் கேக்கல. நான் இப்ப வேற மாடிக்கு வந்துட்டேன். இருங்க, போய்ப் பாக்கறேன்” என்றாளாம்.

மறுபடியும் காத்திருப்பு. முதலிலாவது எங்கே என்று தெரியாமல் இருந்தேன். இப்போது எங்கே என்று தெரிந்தும், கையில் ஒரு திருப்புளியை வைத்துக்கொண்டு புத்தூரில் உட்கார்ந்திருந்தேன்.

மாப்பிள்ளை போனிலிருந்து அவள் குரல் வந்தபோது அதில் நடுக்கம் இருந்தது. பசி நடுக்கம், எனக்குத் தெரியும். ஆனால் பேச்சில் நடுக்கம் இல்லை.

“ஏங்க, எத்தன தடவ மணி அடிச்சேன்! திருப்பிக் கூப்பிடத் தெரியாதா?”

“அந்தப் போன்லயே பேசியிருக்கலாம்ல நீ?”

“நல்லா இருக்கே! அந்தப் பொண்ணு வேலைக்கு நடுவுல பாவம்னு போனைக் குடுத்துச்சு. அடுத்தவங்க காசுல வெளிநாட்டுக்குப் பேசுவாங்களா? எனக்கு மனப்பாடமா தெரிஞ்சது உங்க நம்பர் ஒண்ணுதான், மணி அடிச்சா உங்களுக்குத் தெரியும்னு நெனச்சேன்.”

“மொதல்ல ஏதாவது சாப்பிடு” என்றேன். “ஆமா, இப்ப சொல்லுங்க” என்றாள்.

அன்றைக்கே அந்த ஊர் சிம் வாங்கிப் போட்டார்கள். ரீசார்ஜ் கடைக்காரர் சொன்னது பொய்யில்லை, மலிவுதான். அந்த எண்ணைப் பேர் போட்டு வைத்துக்கொண்டேன். ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னால் மகள் போனில் வீடியோவில் பேசிக்கொள்வோம். குழந்தை பிறந்ததும் அதையும் காட்டினார்கள்.

ஆனால் அவள் பழக்கம் அவளை விடவில்லை. அங்கே மத்தியானச் சமையல் முடிகிற நேரம் இங்கே காலை. நான் அப்போதுதான் கடை ஷட்டரைத் தூக்கியிருப்பேன். ரெண்டு மணி அடித்து நிற்கும். கொஞ்சம் விட்டு இன்னொரு மணி.

சாப்பாடு ரெடியாம், கிளம்பி வரணுமாம். திருப்பிக் கூப்பிடுகிற வசதியும் என் போனில் இல்லை. பர்னரைக் கையில் எடுப்பேன், கீழே வைப்பேன். “என்ன அண்ணே, தூண்டிலா?” என்று பக்கத்து டீக்கடையிலிருந்து குரல் வரும்.