ஆளுக்கு இரண்டு மெகாபைட்

எண்பதுகளின் கடைசியில், கொடைக்கானலில் ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் தற்காலிகக் கம்ப்யூட்டர் ஆபரேட்டராக இருந்தேன். பீரோ அளவில் ஒரே கம்ப்யூட்டர், அதோடு இணைத்த ஆறு திரைகள். ஒவ்வொரு திரை முன்னும் உட்காருகிறவருக்குத் தனியாக ஒரு முழுக் கம்ப்யூட்டர் இருப்பதுபோல் அது காட்டும். இல்லாத கம்ப்யூட்டர்தான், ஆனாலும் அதற்கு எவ்வளவு நினைவகம் என்று முன்னமே எழுதி வைக்க வேண்டும். எதுவும் கேட்காதவருக்கு அந்த அளவு தானாகக் கிடைக்கும். அதை முடிவு செய்யும் பொறுப்பு எனக்கு வந்தது.

பக்கத்து மலைக் கிராமமான கூக்காலில் பூண்டு போடும் குடும்பம் எங்களுடையது. பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். வந்தவரிடம் எவ்வளவு வேண்டும் என்று கேட்டுப் பரிமாறுவது எங்கள் வீட்டில் மரியாதைக் குறைவு. மொத்தமே நான்கு மெகாபைட் இருந்த இயந்திரத்தில் ஆளுக்கு இரண்டு என்று எழுதிவிட்டேன். இடம் போதாவிட்டால் கம்ப்யூட்டரே சேமிப்பு வட்டுக்கு மாற்றி மாற்றிச் சமாளிக்கும் என்ற தைரியம்.

மறுநாள் ஆறு பேர் வேலையும் கிடைத்த இடத்தில் கால் நீட்டிப் படுத்துக்கொண்டது. வட்டு ஓயாமல் கடகடத்தது. ஆராய்ச்சி செய்யும் அம்மா ஒருவரின் மழைக் கணக்கு பத்து மணிக்கே முடிந்திருக்க வேண்டும். பதினொன்றரைக்கும் பாதிதான் ஆகியிருந்தது. இரண்டரை மணி வத்தலக்குண்டு பஸ்ஸில் அதை எடுத்துப்போனால்தான் மறுநாள் சென்னையில் தேர்வுக் குழு முன் வைக்க முடியும். அவருடைய மூன்று வருட உழைப்பு.

டேட்டா என்ட்ரி பார்க்கும் செண்பகனூர் அக்கா என் பட்டியலை எட்டிப் பார்த்தார். "ஏந்தம்பி, கல்யாணப் பந்தியா வச்சிருக்க? அவங்கவங்க எவ்வளவு திங்கிறாகன்னு பாத்தியா?"

ஒவ்வொரு அச்சின் கடைசித் தாளிலும், அந்த வேலை பிடித்த நினைவகம் பதிவாகும். யாரும் பார்க்காமல் கிழித்துப் போடும் தாள். தன் பிள்ளைகள் கணக்குப் போட ஆகுமென்று அக்கா சேர்த்து வைத்திருந்தார். மேசையில் பரப்பினோம். அந்த அம்மா தவிர எவருக்கும் கால் மெகாபைட்டே தாராளம்.

பட்டியலில் கால் மெகாபைட் என்று திருத்தினேன். ஆனால் மற்ற ஐவரும் வெளியேறி மறுபடி உள்ளே வந்தால்தான் புது அளவு பிடிக்கும். நால்வர் உடனே எழுந்தார்கள். எங்கள் அதிகாரி மட்டும் அசையவில்லை.

"எனக்கே கொறைக்கிறீங்களா?"

"ஒங்க சோலி முந்தாநாளு இதுல பாதிதான் புடிச்சிச்சு சார். இந்தா, நீங்க கிழிச்சுப் போட்ட தாளு. வெரசா எந்திரிங்க, அந்தம்மா பஸ்ஸு போயிரும்."

அந்த அறையில் அவரிடம் அப்படிப் பேச அக்காவைத் தவிர யாருக்கும் துணிவில்லை. அதிகாரி தாளைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார், எழுந்தார். கடகடப்பு அடங்கியது. இரண்டு மணிக்கு அச்சு ஓடத் தொடங்கியது. மடிப்புக் கலையாத தாள்கட்டைத் தூக்கிக்கொண்டு நானும் அந்த அம்மாவோடு பஸ்ஸுக்கு ஓடினேன்.

திரும்பி வந்தபோது அக்கா அப்போதுதான் சாப்பாட்டு டப்பாவைத் திறந்துகொண்டிருந்தார்.

"சீட்டு கெடச்சிச்சா?"

"சன்னலோரமே கெடச்சிருச்சுக்கா."