பதினாறாவது கிலோமீட்டரில் வந்த வாழ்த்து

அவள் ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் அழுக்குத் துணி பிரிப்பவள். பதினெட்டு வருஷமாக அதே மேஜை. ரத்தம், சீழ், வாந்தி, சாப்பிடும் நேரத்தில் சொல்லக்கூடாத மற்றதெல்லாம் ஊறிய விரிப்புகளைப் பார்த்த மாத்திரத்தில் எது கொதிநீருக்கு, எது மருந்துத் தொட்டிக்கு என்று பிரித்துவிடுவாள். புதிதாகச் சேர்ந்தவர்கள் முதல் நாளே மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடுவார்கள். இவள் கையைக் கழுவிக்கொண்டு நிம்மதியாகச் சாப்பிடுவாள். குமட்டல் என்றால் என்னவென்றே தனக்குத் தெரியாது என்று, வீட்டுக்காரர் ஓட ஆரம்பிக்கும் வரை நினைத்திருந்தாள்.

அவர் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். பயிற்சிக் காரில் வாத்தியார் பக்கத்திலும் ஒரு பிரேக் இருக்கும். ஆபத்துக்கு மிதிக்க வேண்டியது. அவர் கால் அதை விட்டு எடுபட்டதே இல்லை. ஸ்டியரிங்கையும் பாதி நேரம் அவரே எட்டிப் பிடித்துத் திருப்புவார். கற்றுக்கொள்ள வந்தவர் தானே ஓட்டியதாக நினைத்துக்கொண்டு சந்தோஷமாக இறங்கிப் போவார். அப்பேர்ப்பட்டவர், டாக்டர் நடக்கச் சொன்னதை ஓடச் சொன்னதாக எடுத்துக்கொண்டு, குடும்பத்தையே அரை மாரத்தானுக்குப் பதிவு செய்துவிட்டார். இருபத்தொரு கிலோமீட்டர். அதில் குடும்ப அணி என்று ஒரு பிரிவு. நாலு பேர் ஓட வேண்டும், கடைசியாக வருபவரின் நேரம்தான் அணியின் நேரம். அவர், கல்லூரியில் படிக்கும் மகள், வீட்டில் எக்ஸ்பிரஸ் என்று பெயரெடுத்த கொழுந்தன், நாலாவதாக அவள்.

அன்றிலிருந்து வீடு நாறியது. நாற்காலி முதுகிலெல்லாம் ஈரச் சாக்ஸ். பாத்திரம் தேய்க்கும் தொட்டியில் ஓட்டத்தின்போது உறிஞ்சும் சக்திக் கூழின் பிசுபிசுத்த பாக்கெட்டுகள். எக்ஸ்பிரஸ் காலைச் சாப்பாட்டின்போது தொடை இடுக்கில் எவ்வளவு வாசலின் தடவ வேண்டும் என்று வகுப்பெடுப்பான். நீண்ட ஓட்டத்துக்கு முன்னால் வயிறு காலியாவது எப்படி என்பது அடுத்த பாடம். ஒருநாள் வீட்டுக்காரர் கறுத்துப்போன கால் பெருவிரல் நகத்தைச் சாப்பாட்டு மேஜையிலேயே பிடுங்கி, ஏதோ தங்கப்பல் மாதிரி தட்டோரத்தில் வைத்தார். அவள் தட்டை அப்படியே தள்ளிவிட்டு எழுந்துபோனாள். ஆஸ்பத்திரி அழுக்குக்காவது ஒரு நியாயம் உண்டு, நோயாளி பாவம். இது வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்ட அழுக்கு.

ஃப்ரிட்ஜ் கதவில் ஓர் அட்டவணை தொங்கியது. சிவப்பு மையில் எழுதிய நேரமெல்லாம் அவளுடையது. அண்ணி வருவதற்குள் பந்தலைப் பிரித்துவிடுவார்கள் என்பான் எக்ஸ்பிரஸ். மகள் சிரிப்பாள். அவளும் கூடச் சிரித்து வைப்பாள், வேறென்ன செய்ய.

ஆனால் வேலை முடிந்ததும் ஆஸ்பத்திரி மதிலைச் சுற்றித் தனியாக ஓடினாள். முதலில் இரண்டு சுற்று, அப்புறம் ஐந்து. மூன்றாம் மாதம் ஒரு சாயங்காலம் பன்னிரண்டு கிலோமீட்டர் நிற்காமல் ஓடிவிட்டு, கொதிகலன் அறைப் படியில் உட்கார்ந்து அழுதாள். ஏன் அழுகிறோம் என்று அவளுக்கே விளங்கவில்லை. அணியும் கோப்பையும் எக்கேடும் கெடட்டும். மூன்று மணி நேரத்தில் ஓட்டத்தை முடித்து, சாலையை வண்டிகளுக்குத் திறந்துவிடுவார்கள். அதற்குள் தன் காலாலேயே போய்ச் சேர்ந்துவிட வேண்டும். வேண்டியது அது ஒன்றுதான். வீட்டுக்காரரிடம் சொன்னாள். பார்க்கலாம் என்றார்.

ஓட்டத்தன்று காலை அவர் அவள் முன்னால் குனிந்து உட்கார்ந்து ஷூ நாடாவைக் கட்டினார். ஓடுபவரின் நேரத்தைப் பதிவு செய்யும் சின்ன சிப்பை நாடாவில்தான் கோக்க வேண்டும். "சிப்பும் கட்டியாச்சு, நீ பேசாம ஓடு" என்றார். கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷத்தில் அவர் அவளுக்காகக் குனிந்தது அதுவே முதல்முறை. அவளுக்கு நெஞ்சு நெகிழ்ந்துவிட்டது. கீழே பார்க்கவே தோன்றவில்லை.

பதினாறாவது கிலோமீட்டர் பலகை ஒரு மூடிய டயர் கடை வாசலில் இருந்தது. அங்கே இடுப்புப் பையில் போன் அதிர்ந்தது. சலவைக்கூடத்திலிருந்து கூப்பிடுகிறார்களோ என்று எடுத்துப் பார்த்தாள். வாழ்த்துகள், நீங்கள் அரை மாரத்தானை இரண்டு மணி பதினான்கு நிமிடத்தில் முடித்துவிட்டீர்கள் என்றிருந்தது.

மெஷினுக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று முதலில் நினைத்தாள். பிறகு குனிந்து பார்த்தாள். இரண்டு ஷூவிலும் நாடா மட்டும்தான் இருந்தது. அவளுடைய சிப் அவர் காலில் ஓடிப் போய்ச் சேர்ந்திருக்கிறது.

பதினெட்டு வருஷம் எந்தத் துணியைப் பார்த்தும் வராத வாந்தி, டயர் கடைச் சுவரோரம் வந்தது. வாயைத் துடைத்துக்கொண்டாள். குனிந்து நாடா கட்டிய அந்தக் கையை நினைத்தாலே கூசியது. பின்னால் மெதுவாக வந்த வேன், முடியாதவர்களை ஏற்றிக்கொள்வது, பக்கத்தில் நின்றது. வேண்டாம் என்று தலையாட்டிவிட்டு ஓடினாள். ஐந்து கிலோமீட்டரும் மனசுக்குள் ஒரே வார்த்தை: சீ.

எல்லைக்கோட்டை அவள் தாண்டியபோது மேலே தொங்கிய கடிகாரம் இரண்டு மணி ஐம்பத்தேழு நிமிடம் காட்டியது. மகள் தண்ணீரோடு வந்தாள், முகத்தைப் பார்க்கவில்லை.

"உனக்கும் தெரியுமா?"

"அப்பாதான்மா சொன்னாரு. கடைசியா வந்தா உனக்குத்தான் அசிங்கம்னு."

வீட்டுக்காரர் அவசரமாக வந்தார். குடும்ப அணியில் இரண்டாம் பரிசாம், மேடையில் கூப்பிடப் போகிறார்களாம், முகத்தைக் கழுவிக்கொண்டு வா என்றார். அவள் முடிவுகள் பார்க்கும் மேஜைக்கு நடந்தாள். அங்கே லேப்டாப்போடு ஒரு பெண் இருந்தாள். தன் எண்ணைச் சொல்லி, நடந்ததையும் சொன்னாள். அந்தப் பெண் தயங்கினாள். சிப் இல்லாமல் ஓடியதற்குக் கணக்கே கிடையாது. பொய் நேரத்தை நீக்கினால் அணியின் பரிசும் போய்விடும், உங்கள் பெயருக்கு நேரே முடிக்கவில்லை என்றுதான் வரும் என்றாள்.

பின்னாலேயே வந்திருந்த வீட்டுக்காரர் காதோரம் குனிந்தார். "அஞ்சு மாசம் ஓடிட்டு, பாதியில நின்னுட்டான்னு பேர் வாங்கிக்கப் போறியா? ஊரே பாக்கும்."

அவள் அவர் பக்கம் திரும்பவே இல்லை.

"முடிக்கலன்னே போடுங்கம்மா" என்றாள் அந்தப் பெண்ணிடம். "ஓடினவளுக்குத் தெரியும்."

திரும்பும்போது காரில் எக்ஸ்பிரஸ் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தான், மகள் மடியைப் பார்த்துக்கொண்டு வந்தாள். அவளுக்கு மட்டும் நன்றாகப் பசித்தது.